மேடைக்குப் போங்கள், மேடையைப் பொட்டலுக்குக் கொண்டுவராதீர்கள்

சப்ரகமுவத் தோட்டங்களில் இந்த மாசியில் வேஷம் கட்டப்போகும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

மாசி பிறக்கப் போகிறது. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று நம் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்துப் பேச்சு தொடங்கிவிட்டது. யார் மன்மதன், யார் ரதி, போன வருஷம் வீரபத்திரன் கட்டியவனுக்குப் புறக்கோட்டைக் கடை முதலாளி லீவு கொடுப்பாரா, அவிசாவளை கார்மெண்டில் இருக்கும் எமனுக்கு இரவு ஷிப்ட் விழுமா என்ற கணக்கெல்லாம் லயத்து வாசல்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் கூடுதலாக ஒரு பேச்சும் காதில் விழுகிறது. நகரத்து மண்டபங்களில் நடக்கும் கலைவிழாக்களுக்கு உங்களில் சில குழுக்களை அழைத்திருக்கிறார்களாம். குழுவுக்கு இருபது நிமிடம். அதற்காகத் தப்பையும் பாட்டையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொண்டு, அந்தப் பதிவுக்கு ஆடிப் பழகுகிறீர்களாம். அதோடு, இதே ஆட்டத்தைத் தோட்டத்துக் காமன் பொட்டலிலும் ஆடிவிட்டால் என்ன, ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், மறுநாள் வேலைக்கும் போகலாம் என்று ஒரு யோசனையும் கிளம்பியிருக்கிறது.

கேள்வி நியாயமானதுதான். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்பது எப்படிப்பட்ட பாடு என்று, இருட்டோடு எழும்பி ரப்பர் வெட்டப் போகிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் என் பதில் வேறு. மேடைக்குப் போங்கள், சந்தோஷமாகப் போங்கள். போன மேடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து பொட்டலில் வைக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். இளவயதில் பல மாசிகள் ரதி வேஷம் கட்டியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

மண்டபத்தில் முதன்முதலாக ஏறி நிற்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். வெளிச்சம் முழுவதும் உங்கள் மேல் விழும். முன்னால் ஒரே இருட்டு. ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒருவர் முகமும் தெரியாது. கைதட்டல் மட்டும் எங்கிருந்தோ வரும். பலருக்கு இது பிடித்துப்போகிறது. யார் பார்க்கிறார்கள் என்று தெரியாவிட்டால் பயம் பாதி குறைந்துவிடுகிறது.

பொட்டலில் இந்த வசதி கிடையாது. டியூப் லைட்டோ, பழைய பெற்றோமக்ஸோ, வெளிச்சம் எல்லார் மேலும் ஒன்றாகத்தான் விழும். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பது உங்கள் சின்னம்மா. அவருக்குப் பக்கத்தில், காலையில் உங்களுக்கு அரைப்பேர் போட்ட கங்காணி. பின்னால் ரப்பர் மரத்தில் சாய்ந்து நிற்பவன், நேற்றுப் பீலிக்கரையில் உங்களோடு வாய்ச்சண்டை போட்டவன். முகத்தில் எவ்வளவு அரிதாரம் பூசினாலும் நடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். மன்மதன் வில்லோடு அசைந்து வரும்போது ஏதாவதொரு பொடியன் "அந்தா எங்க மாமா!" என்று கத்துவான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

முதல் தடவை அந்தச் சிரிப்பில் கால் பின்னிக்கொள்ளும். பின்னினால் பின்னட்டும். கூட்டம் அந்த நேரத்தில் உங்களையும் மன்மதனையும் சேர்த்தே பார்க்கிறது. சிரிக்காமல் என்ன செய்யும்? இராத்திரி ஏற ஏற இரண்டு பேரில் ஒருவர் மங்கிப்போவார். பொடியன்கள் பாயில் சுருண்டு, தேத்தண்ணி இரண்டாம் முறை சுற்றி வந்து, பனி இறங்கத் தொடங்கும் நேரத்தில் சின்னம்மா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். தாகத்துக்குத் தண்ணீர் நீட்டும்போது "இந்தா ரதியம்மா" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரன் ஆடினாலும் இருபது நிமிடத்தில் அது வராது.

கதை எல்லாருக்கும் தெரிந்த கதை. தவத்தில் இருக்கும் சிவனின் மேல் மலர்க்கணை விடத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ரதிக்குக் கெட்ட கனவு வருகிறது. போகாதே என்று தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. போகிறான், கணை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். ரதி அழுது மன்றாடிய பிறகு அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் திரும்புகிறது. காமன் எரிவான் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு எதற்காக விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

ரதி தடுக்கும் இடத்தைப் பாருங்கள். பதில் அங்கே இருக்கிறது. ரதி ஒரு பாட்டுப் பாடுவாள், மன்மதன் எதிர்ப்பாட்டுப் பாடுவான். அவள் திரும்பவும் பாடுவாள். இப்படியே இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தர்க்கத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "அவ சொல்றதக் கேளுடா" என்று ஒரு பாட்டி வாய்விட்டே சொல்வார். போனவன் திரும்பமாட்டான் என்று தெரிந்துகொண்டே தடுப்பதுதான் அங்கே நடக்கிறது. கொழும்புக்கு மகனை அனுப்பிய தாய், மத்திய கிழக்குக்கு மனைவியை அனுப்பிய புருஷன், எல்லாரும் அந்தப் பாட்டில் தங்கள் பங்குக்கு ஒருமுறை தடுத்துப் பார்க்கிறார்கள். மண்டபத்துக்காகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தத் தர்க்கம்தான். "ஒரே மாதிரிப் பாட்டு, ரெண்டு போதும்" என்று நீங்களே வெட்டிவிடுவீர்கள். மிஞ்சுவது கணையும் நெருப்பும். பார்க்க அழகாக இருக்கும். யாரும் எதற்கும் தவித்திருக்கமாட்டார்கள்.

எரிந்த பிறகு வரும் ஒப்பாரியைப் பற்றியும் சொல்லவேண்டும். ரதி கட்டப்போகிறவர்கள் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

நெருப்பு அடங்கியதும் தப்பின் அடி மாறும். வேகம் விழுந்து, சாவு வீட்டு அடி வரும். நீங்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மண்ணில் உட்காருவீர்கள். முதல் வரி எடுத்த உடனே உங்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களின் மூச்சு மாறுவது காதில் கேட்கும். இரண்டாம் வரிக்குள் யாராவது முந்தானையை வாயில் வைப்பார்கள். மூன்றாம் வரியை நீங்கள் தனியாகப் பாடமாட்டீர்கள். அவர்களும் சேர்ந்துகொள்வார்கள், அவரவர் சாவுக்கு அவரவர் சொற்களோடு. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டிய களுபான தோட்டத்திலும் மலை சரிந்து ஆட்கள் மண்ணுக்குள் போன மாகாணம் இது. யாருடைய நெஞ்சில் என்ன கிடக்கிறதென்று ஆடுகிறவனுக்குத் தெரியாது.

அந்த இடத்தில் ரதி கட்டியவன் அழக்கூடாது. இது எங்கள் கூத்து மாஸ்டர் கறாராகச் சொன்ன பாடம். உனக்குத் தொண்டை அடைத்தால் பாட்டு நின்றுவிடும். பாட்டு நின்றால் அழவேண்டியவர்களின் அழுகை நடுவில் அறுந்துபோகும் என்பார். உடம்பெல்லாம் நடுங்கும்போது குரலை மட்டும் நேராக வைத்துக்கொண்டு, எதிரே அழுகிறவள் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து அடுத்த வரியை எடுக்கவேண்டும். நான் ஆடியதில் எனக்கு எது பெரிய அனுபவம் என்று கேட்டால் இந்தக் காத்திருப்பைத்தான் சொல்வேன். எந்தப் பதிவுக்கு ஆடினாலும் இது கிடைக்காது. பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது.

இந்த ஒப்பாரி நம் தோட்டங்களில் இத்தனை ஆழமாக இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சப் பேரைப் பிறகு பார்ப்பது என்று நம் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் கூத்து மாஸ்டர்களும் தப்புக்காரர்களும் இருந்தார்கள். பாட்டுக் கொப்பி இராமேஸ்வரத்துக்குப் போய்விட, பாட்டு மட்டும் இங்கே இருந்தவர்களின் வாயில் தங்கிய தோட்டங்கள் உண்டு. அக்கா இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த வீடுகளுக்கு ரதியின் அழுகையை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அடுத்தது தப்பு. நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். இரத்தினபுரி இலங்கையிலேயே மழை கூடிய மாவட்டங்களில் ஒன்று. மாசியில் வெயில் அடித்தாலும் இரவுப் பனியில் தோல் தொய்ந்துவிடும். அதனால் பொட்டலின் ஓரத்தில் ஒரு நெருப்பு எப்போதும் எரியும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தப்புக்காரர் ஒருவர் விலகிப் போய், காய்ந்த தென்னோலையைப் போட்டுத் தீயை எழுப்பி, தப்பை அதன்மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவார். விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். ணங்கென்று வந்தால் திரும்புவார். வராவிட்டால் மறுபடி நெருப்பு. அவர் வரும்வரை மற்றவர்கள் அடியைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். இந்த மாற்று ஏற்பாடு இரவு முழுக்க நடக்கும், கூத்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆடுகிறவனுக்குத் தெரியும். ஏனென்றால் தப்புக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார். நீங்கள் களைத்தால் அடியைக் கொஞ்சம் தளர்த்துவார். பாட்டு மறந்து முழித்தால் இன்னொரு சுற்று கூடுதலாக அடித்து நேரம் வாங்கித் தருவார். வீரபத்திரனுக்கு வெறி ஏறிக் கூட்டத்துக்குள் பாயப் போனால் அடியாலேயே அவனைத் திரும்ப இழுப்பார். மாஸ்டருக்கு அடுத்தபடி அந்த இரவை நடத்துவது அவர்தான். அவரைக் கைத்தொலைபேசிக்குள் அடைத்துவிட்டு ஆடப்போகிறோம் என்கிறீர்களே, கால் இடறினால் யார் பிடிப்பார்கள்?

இதில் வெளியே பேசத் தயங்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. தப்பு அடிக்கிறவர்களுக்குத் தனிக் கோப்பை, தனிப் பந்தி என்று வைத்திருந்த காலம் நம் தோட்டங்களில் இருந்தது; எல்லா இடத்திலும் அது ஒழிந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். சாமி வேஷம் கட்டியவனின் காலில் விழுகிற கூட்டம், அவனை ஆட வைத்தவரைச் சாப்பாட்டுக்குக் கடைசியில் கூப்பிடும். உங்கள் தலைமுறை இதை மாற்றவேண்டும். அவரை ஒலிநாடாவாக மாற்றிவிட்டால் அந்தக் கணக்குத் தீர்க்கப்படாமலே மூடப்பட்டுவிடும்.

மைக்கைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. இரு கையும் விரித்துப் பாடவேண்டிய ரதியின் ஒரு கையை மைக் எடுத்துக்கொள்கிறது. மீதி ஒரு கையால் மாரடிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய சங்கடம், மைக் வந்ததும் எல்லாரும் மைக் இருக்கும் பக்கமாகவே நின்று ஆடுகிறார்கள். கூத்து வட்டத்தில் ஆடுவது. பொட்டலில் நட்ட காமன் கம்பத்தைச் சுற்றி வரும்போது நாலு பக்கத்தாருக்கும் உங்கள் முகமும் கிடைக்கும், முதுகும் கிடைக்கும். இப்போது மைக்கோடு போனும் சேர்ந்துகொண்டது. படம் பிடிக்கிறவன் நிற்கும் பக்கம் முன்பக்கமாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்த கிழவிகளுக்கு விடியும்வரை முதுகுதான். மைக் வேண்டுமென்றால் கம்பத்துக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். போன்காரனை வட்டத்துக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

காமன் கூத்தோடு இது முடிவதில்லை. அருச்சுனன் தபசில் தபசு மரத்தில் ஏறுகிறவன் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறான். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் கீழே பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு நிற்பவள் அவனை நடிகனாகப் பார்க்கவில்லை. பொன்னர் சங்கரில் படுகளம் விழுகிறவன் மண்ணில் அசையாமல் கிடக்கும்போது, அவனைச் சுற்றி நின்று அழுகிறவர்கள் அவனுடைய சொந்தக்காரர்களே. இரண்டிலும் ஆட்டத்தில் பாதி கூட்டத்தின் கையில் இருக்கிறது. கூட்டத்தை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கை அணைத்துவிட்டால் அந்தப் பாதியைச் செய்ய ஆளில்லை.

மேடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூத்தை மேடைக்குக் கொண்டுபோனவர்கள் இந்த நாட்டில் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். 1956இல் எதிரிவீர சரச்சந்திர "மனமே" நாடகத்தைப் போட்டார். அவர் எடுத்துக்கொண்ட "நாடகம" என்ற சிங்கள வடிவத்துக்கே நம் நாட்டுக்கூத்தோடு உறவு உண்டு. அதன் பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 1962இல் "கர்ணன் போர்" போட்டார். அதே பத்தாண்டுக்குள் "நொண்டி நாடகம்", "இராவணேசன்", "வாலி வதை" என்று தொடர்ந்தார். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்த வேலையை எடுத்துச் சென்றார். விடிய விடிய ஆடுவதை ஓரிரு மணித்தியாலமாகச் சுருக்கினார்கள், வட்டக்களரியைப் படச்சட்ட மேடைக்கு மாற்றினார்கள். படித்தவர்கள் மத்தியில் கூத்துக்கு மரியாதை வந்தது.

அவர்கள் செய்ததில் உங்களுக்கு இரண்டு பாடம் இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் போய் உட்கார்ந்து பழகிய பிறகுதான் சுருக்கினார்கள். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டார்கள். இது ஒன்று. மட்டக்களப்புக் கிராமங்களில் களரி தொடர்ந்து விடிய விடியத்தான் நடந்தது என்பது மற்றது. மேடைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு களரி இருந்தது. நீங்கள் பொட்டலையும் இருபது நிமிடமாக்கிவிட்டால், அடுத்த தலைமுறைக்குத் திரும்பிப் பார்க்க உங்கள் பதிவு மட்டும்தான் இருக்கும்.

சப்ரகமுவவில் இருக்கிற நமக்கென்று ஒரு தனி நிலைமையும் உண்டு. நுவரெலியா மாதிரி மலைக்கு மலை நம் ஆட்கள் இல்லை. ரப்பர்த் தோட்டம் முடிந்தால் சிங்களக் கிராமம், கிராமம் முடிந்தால் இன்னொரு டிவிசன். 1977, 1981, 1983 என்று இனக்கலவரங்களில் அடி வாங்கிய பூமி இது. இரத்தினபுரி, காவத்தைப் பக்கமிருந்து உடுத்த துணியோடு வவுனியாவுக்குப் போனவர்கள் போக, எஞ்சியவர்கள் சத்தம் போடாமல் வாழப் பழகினார்கள். ஓரிரவு முழுக்கத் தப்பு அடிப்பதென்பது அப்படிப் பழகியவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. கலவரங்களுக்குப் பிறகு எங்கள் பக்கம் கம்பம் நட்டு ஆடிய முதல் மாசிகளில், அடியை மெதுவாக வைக்கச் சொல்லிப் பெரியவர்கள் இரண்டு மூன்று தரம் ஆள் அனுப்பினார்கள். மெதுவாக அடிக்கத் தெரிந்த தப்புக்காரர் யாரும் இல்லை என்று பதில் போனது.

கிராமத்திலிருந்து ஆட்கள் வந்து ஓரமாக நின்று பார்க்கவும் செய்தார்கள். அவர்களுக்கு இது புதிது அல்ல. பத்தினித் தெய்வத்துக்காக இரவு முழுக்க நடக்கும் கம்மடுவ அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பத்தினி நம் கண்ணகிதான். சிங்கள நடனத்தின் மூன்று மரபுகளில் ஒன்று சப்ரகமுவ மரபு. அதன் மேளம் தவுல், ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் அடிப்பது. விடியும்வரை ஆடுவதன் அர்த்தம் புரிந்த அயலவர்கள் அவர்கள். சுருக்கிய இருபது நிமிடத்தைக் காட்டினால் அவர்களுக்கும் அது ஒரு கலைநிகழ்ச்சி. விடிய விடிய நின்றால், என்ன நேர்த்தி, யாருக்கு நேர்த்தி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவார்கள். அப்படிக் கேட்டவர்களில் சிலர் அடுத்த மாசிக்குத் தேங்காய் கொண்டுவந்தார்கள்.

தங்கச்சிமாரே, உங்களுக்குத் தனியாக ஒரு பத்தி. ரதியை இதுவரை ஆண்கள்தான் கட்டிவந்தோம். என் ரதியைப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒப்பாரியை நான் யாரிடம் கற்றேன்? என் அம்மாவிடமும் பக்கத்துக் காம்பராப் பாட்டியிடமும்தான். பாட்டு அவர்களுடையது, வேஷம் எங்களுடையது என்று பங்கு போட்டிருந்தோம். பெண்கள் வேஷம் கட்டக்கூடாது என்பதற்கு விரதம், தீட்டு என்று காரணம் சொல்வார்கள். அந்தக் காரணங்களை மதித்துப் பேசுங்கள், ஆனால் பேசுங்கள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு சேர்ந்து அவர் மனைவி மீனாட்சி அம்மை 1930களிலேயே தொழிலாளர் கூட்டங்களில் நின்று பாடியிருக்கிறார். அந்தப் பாட்டுக்களை 1940இல் புத்தகமாகவும் போட்டார். கங்காணியும் துரையும் ஆண்ட காலத்தில் ஒரு பெண் கூட்டத்தின் முன் குரல் உயர்த்த முடிந்ததென்றால், இன்று கார்மெண்டில் இரவு ஷிப்ட் பார்த்துத் தனியே பஸ் ஏறி வரும் நீங்கள் பொட்டலில் ரதி கட்டுவதில் என்ன குறை? நகரத்து மேடையில் நீங்கள் ரதி ஆடலாம், தோட்டத்துப் பொட்டலில் ஆடக்கூடாது என்று யாராவது சொன்னால், அந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

மூன்றாம் பிறையில் கம்பம் நடும் நாளுக்கே வந்துவிடுங்கள். கடைசி இரவுக்கு மட்டும் பஸ் பிடித்து வந்து வேஷம் கட்டுகிறவனுக்குக் கால் மண்ணில் ஒட்டாது. வரமுடியாத தூரத்தில் இருப்பவர்கள் இந்த வருஷம் சின்ன வேஷம் கட்டுங்கள். தூதனுக்கும் குறவனுக்கும் கிடைக்கிற சிரிப்பு மன்மதனுக்குக் கிடைப்பதில்லை.

மாஸ்டரிடம் உள்ள கொப்பியை உட்கார்ந்து கையால் எழுதி எடுங்கள். படம் பிடித்து வைத்துக்கொண்டால் பாட்டு போனில் இருக்கும், வாயில் இருக்காது. மாத்தளை பெ. வடிவேலன் நம் பாரம்பரியக் கலைகள் பற்றி எழுதியவற்றையும், ஸி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த தோட்டத்துப் பாட்டுக்களையும் தேடி வாசியுங்கள். உங்கள் தோட்டத்துப் பாட்டு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று அப்போது தெரியும்.

காமன் எரியும் மாசிப் பௌர்ணமி போயா தினம். நாடு முழுக்க விடுமுறை, சாராயக்கடையும் பூட்டு. பொட்டலுக்கு இதைவிட நல்ல நாள் வராது. மறுநாள் காலை வேலைக்கு என்ன செய்வது என்பதைக் கூத்தைச் சுருக்கித் தீர்க்காதீர்கள். தலைவர்மாரைக் கூட்டிக்கொண்டு ஆபிசுக்குப் போய், வேஷக்காரருக்கும் தப்புக்காரருக்கும் அன்றைக்குப் பிந்திய பிரட்டோ, மாற்று நாளோ கேளுங்கள். ரப்பர் இலை கொட்டி மரம் மொட்டையாக நிற்கும் பருவம் அது, பாலும் குறைவு. கேட்கத் தோதான நேரம்.

மண்டபத்துக்குப் போகும்போது பதிவை வீட்டில் வைத்துவிட்டுத் தப்புக்காரரை அழைத்துப் போங்கள். அறிவிப்புத் தாளில் அவர் பெயர் முதலில் வரட்டும். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். பின்வாசலில் மூட்ட இடம் கேட்டு வாங்குங்கள். இருபது நிமிடத்தில் கதை முழுவதையும் சொல்லப் பார்க்காதீர்கள். ரதி தடுக்கும் தர்க்கத்தை மட்டும் முழுதாக ஆடுங்கள். காமன் எரிவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தோட்டத்தின் பெயரையும் பௌர்ணமித் திகதியையும் மேடையிலேயே சொல்லிவிடுங்கள். எந்த பஸ்ஸில் வந்து எந்தச் சந்தியில் இறங்குவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருகிறவர்களுக்கு உட்காரச் சாக்கு நாங்கள் போட்டு வைப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ரதி,
இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து